முன்னணையும் பலிபீடமும்: மத்தியகாலச் சிற்பத்திற் பாலன் குடிலின் ஊற்றுக்கள்

கலைவடிவமொன்றின் தோற்றத்தை ஒரு மனிதரின் பெயரோடும் ஓர் இரவோடும் பிணைத்துக் கூறுவது வரலாற்றெழுத்திலே நெடுங்காலமாக நிலவிவரும் வழக்காகும். நத்தார் காலத்தில் ஆலயங்களிலும் இல்லங்களிலும் அமைக்கப்படும் பாலன் குடில் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. 1223ஆம் ஆண்டு நத்தார் இரவில், மத்திய இத்தாலியின் ரியெத்திப் பள்ளத்தாக்கிலுள்ள கிரெச்சியோ என்னும் சிற்றூரில் அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ் முதலாவது குடிலை அமைத்தார் என்பதே பெருவழக்கான செய்தி. 2019 டிசெம்பர் 1ஆந் திகதி பாப்பரசர் பிரான்சிஸ் குடில் பற்றிய தமது திருமடலுக்குக் கிரெச்சியோவிலேயே கையொப்பமிட்டமையும், 2023இல் அந்நிகழ்வின் 800ஆவது ஆண்டு நினைவுகூரப்பட்டமையும் இச்செய்திக்கு மேலும் உரமூட்டின. பக்தி மரபில் இதற்குரிய இடம் வேறு. கலை வரலாற்றில் இதற்குரிய இடம் வேறு. குடில் என்பது உருவங்களின் கூட்டமைப்பு. அவ்வுருவங்கள் எங்கிருந்து வந்தன, சுவரைவிட்டு எவ்வாறு இறங்கின, ஏன் இன்ன நிலையில் நிற்கின்றன என்னும் வினாக்களுக்குக் கிரெச்சியோ விடை தருவதில்லை. விடையின் பெரும்பகுதி கல்லிலே உள்ளது.

கிரெச்சியோ நிகழ்வுக்கு மூலச்சான்றாக அமைவது, செலானோ ஊரினரான தோமஸ் என்னும் துறவி 1228–1229 ஆண்டுகளில் எழுதிய பிரான்சிஸ் சரிதமாகும். பெத்லகேமிற் பிறந்த குழந்தை உற்ற வறுமையைத் தம் கண்களாற் காணும் அவாவினைப் பிரான்சிஸ் அவ்வூர்ப் பிரமுகரான யோவானுக்குத் தெரிவிக்கின்றார். முன்னணை ஒன்று ஆயத்தமாகின்றது, வைக்கோல் கொணரப்படுகின்றது, எருதும் கழுதையும் நிறுத்தப்படுகின்றன. ஊரார் தீவட்டிகளும் மெழுகுதிரிகளும் ஏந்தி வருகின்றனர். முன்னணையின்மீது திருப்பலி ஒப்புக்கொடுக்கப்படுகின்றது. குருப்பட்டம் பெறாது தியாக்கோன் நிலையிலேயே நின்றுவிட்ட பிரான்சிஸ் நற்செய்தியைப் பாடிப் பிரசங்கிக்கின்றார். அங்கு நின்ற ஒருவருக்கு, முன்னணையில் உயிரற்ற குழந்தையொன்று கிடப்பதாகவும் பிரான்சிஸ் அதனை அணுகித் துயிலெழுப்புவதாகவும் காட்சி தோன்றுகின்றது. பலர் உள்ளத்தில் மறக்கப்பட்டுக் கிடந்த பாலன் மீண்டும் எழுப்பப்பட்டான் எனத் தோமஸே அதற்குப் பொருள் உரைக்கின்றார்.

இவ்வருணனையில் இல்லாதவை யாவை என்பதே ஈண்டுக் கவனிக்கத்தக்கது. மரியாளாக எவரும் நிற்கவில்லை; சூசையப்பராக எவரும் நிற்கவில்லை; இடையரோ மூவிராசாக்களோ பேசப்படவில்லை. சிலை எதுவும் இல்லை. குழந்தை கூட ஒருவரின் அகக்காட்சியில் மட்டுமே தோன்றுகின்றது. கிரெச்சியோவின் முன்னணை வெறுமையானது. அந்த வெறுமையின்மீது திருப்பலி நிகழ்கின்றது. அப்பமே அங்கு குழந்தையாகின்றது. பிற்காலத்தில் அவ்விடத்தில் முன்னணைக்கு மேலே பலிபீடம் கட்டப்பட்டதென்றும், விலங்குகள் தீனி உண்ட இடத்தில் மாந்தர் தேவ ஆட்டுக்குட்டியின் சதையை உண்ணும்படியாயிற்று என்றும் தோமஸ் கூறுவது தற்செயலான அலங்காரமன்று. நிகழ்வின் பொருள் அதுவே. எனவே குடிலமைப்பின் தொடக்கமென அதனைக் கொள்வோர், அதன் நடுவிலிருந்த பலியை மறந்து விளிம்பிலிருந்த எருதையும் கழுதையையும் மட்டும் எடுத்துக்கொண்டனர் எனலாம்.

இம்மறதி விரைவிலேயே தொடங்கிவிட்டது. ஜொத்தோவின் பெயரோடு தொடர்புறுத்தப்படும் அசிசி மேற்கோயிற் சுவரோவியம் 13ஆம் நூற்றாண்டின் இறுதியிலே தீட்டப்பட்டது. அதில் மலையூர் இல்லை. காட்சி ஓர் ஆலயத்தினுள் நிகழ்கின்றது. பெண்கள் வாயிலிற் குழுமி நிற்கின்றனர். எருதும் கழுதையும் பொம்மைகள் போலச் சிறுத்துள்ளன. பிரான்சிஸ் கைகளிற் குழந்தையை ஏந்தியுள்ளார். ஒரு நூற்றாண்டுக்குள்ளேயே வெறுமையாயிருந்த இடத்தில் உருவம் வந்து அமர்ந்துவிட்டது.

எருதும் கழுதையும் லூக்காவின் நற்செய்தியில் இல்லை. குழந்தையைத் துணிகளிற் சுற்றி முன்னணையிற் கிடத்தினாள் என்பதோடு அந்நற்செய்தி நின்றுவிடுகின்றது. எருது தன் உடையவனையும் கழுதை தன் எசமானின் முன்னணையையும் அறியும் என்னும் எசாயாவின் கூற்றே இவ்விலங்குகளின் பிறப்பிடம். மத்தியகாலத் தொடக்கத்திலே பரவிய, மத்தேயுவின் பெயராற் புனையப்பட்ட ஆகமமொன்று அவற்றைக் கதைக்குள் இழுத்து வந்தது. ஆயினும் அந்நூலுக்கும் முன்னரே சிற்பிகள் அவற்றைச் செதுக்கிவிட்டனர். மிலான் நகரப் புனித அம்புரோசியார் ஆலயத்தில், 4ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்ததும் ஸ்திலிக்கோவின் பெயரால் வழங்குவதுமான கல் ஈமப்பேழை உள்ளது. அதன் மூடியின் பக்கமுக்கோணத்திற் துணி சுற்றிய குழந்தை கிடக்க, இருபுறமும் எருதும் கழுதையும் உள்ளன. தாய் இல்லை; தந்தை இல்லை. அது ஒரு பிறப்பின் சித்திரிப்பு அன்று. இறைவாக்கினரின் கூற்று ஒன்றின் விளக்கம். கிறித்தவச் சிற்பத்தில் குழந்தையும் விலங்கும் முதலிற் கருத்துக்களாகவே தோன்றி, மெல்ல மெல்லவே குடும்பமாயின என்பதை இப்பேழை தெளிவுறக் காட்டுகின்றது.

முன்னணை பலிபீடமாகப் பொருள் கொள்ளப்பட்டதும் இவ்வாறே பழைமையானது. பெத்லகேம் என்னும் எபிரேயப் பெயருக்கு அப்பத்தின் வீடு என்பது பொருள். 590 முதல் 604 வரை பாப்பரசராயிருந்த முதலாம் கிரகோரியார் தமது நத்தார் மறையுரையில் இப்பெயரையும், விலங்குகள் உண்ணும் தொட்டியிற் குழந்தை கிடத்தப்பட்டதையும் இணைத்து, விசுவாசிகளுக்கு உணவாகவே அவர் அங்கு கிடத்தப்பட்டார் என விளக்கினார். துறவியர் மடங்களில் நூற்றாண்டுக்கணக்காக வாசிக்கப்பட்ட இவ்விளக்கம் சிற்பியின் உளிக்கு வந்து சேர்ந்த இடங்களுள் தலையாயது பிரான்சின் சார்த்ரு பேராலயமாகும்.

1194இல் நேர்ந்த பெருந்தீயிற் தப்பிய சார்த்ருவின் மேற்கு முகப்பு ஏறத்தாழ 1145க்கும் 1155க்கும் இடையிற் செதுக்கப்பட்டது. அதன் தென்வாயிலைக் கீழிருந்து மேலாக நோக்க வேண்டும். வாயிலுக்கு நேர்மேலேயுள்ள முதலாவது உத்தரக்கல்லில் மரியாள் மஞ்சத்திற் சாய்ந்திருக்கின்றாள். அவளுக்கு மேலே, தட்டையான ஒரு பலகைபோன்ற பரப்பிற் குழந்தை கிடக்கின்றது. அது முன்னணை என்பதை அறிந்தே அறியவேண்டும். கண்ணுக்கு அது பீடமாகவே தோன்றும். அதற்கு நேர்மேலே, இரண்டாவது உத்தரக்கல்லில், எருசலேம் ஆலயத்திற் குழந்தையை அர்ப்பணிக்கும் காட்சி; அங்கு குழந்தை ஐயத்திற்கிடமின்றிப் பலிபீடத்தின்மீதே நிற்கின்றது. அதற்கும் மேலே, அரைவட்டப் பரப்பில், அரியணையில் நேர்முகமாக வீற்றிருக்கும் மரியாளின் மடியிற் குழந்தை. முன்னணை, பீடம், மடி என மூன்றும் ஒரே நேர்கோட்டில் அமைகின்றன. 1959இல் வெளிவந்த தமது நூலில் அடோல்வ் கட்செனெலென்போகன் இந்நேர்கோட்டைத் திருப்பலியோடு தொடர்புபடுத்தி விளக்கினார். வாயிலைக் கடந்து உட்செல்வோர் நேரே எதிர்கொள்வது ஆலயத்தின் உண்மைப் பலிபீடத்தை என்பதையும் சேர்த்து நோக்கின், சிற்பத்தின் நான்காவது படி உள்ளே இருக்கின்றது எனலாம்.

இவ்விடத்திற் பிரெஞ்சு அறிஞர் எமில் மாலின் கருத்தொன்றை எடைபோடுதல் வேண்டும். 13ஆம் நூற்றாண்டுச் சமயக்கலை பற்றி 1898இல் வெளியிட்ட நூலில், அக்காலப் பிறப்புச் சிற்பங்களிலே தாய் குழந்தையை நோக்காது அப்பால் நோக்கியிருப்பதையும், குழந்தை பீடத்திற் கிடப்பதையும் அவர் முதன்முதல் அழுத்திக் கூறினார். அவ்வவதானம் இன்றும் பெறுமதியுடையது. ஆயின் அதன்மேல் எழுந்த பொதுக்கருத்து ஒன்று உண்டு: பழைய சிற்பம் இறையியற் குளிர்ச்சியுடையது, பிரான்சிஸ்கன் சபையார் வந்த பின்னரே தாய்மையின் வெதுவெதுப்புக் கல்லிற் புகுந்தது என்பதாம். இது முற்றிலும் ஏற்கத்தக்கதன்று. சார்த்ருவிலேயே, குருமார் பகுதியையும் மக்கள் பகுதியையும் பிரித்து நின்ற தடுப்புச்சுவர் ஒன்று 13ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுந்தது. 1763இல் அது இடிக்கப்பட்டது. அதன் சிற்பப் பலகைகள் சில தரையிற் பாவிய கற்களாகக் கவிழ்ந்து கிடந்து பின்னர் மீட்கப்பட்டன. அவற்றுளொன்று இயேசுவின் பிறப்பைக் காட்டுவது. சாய்ந்திருக்கும் மரியாள் கையை நீட்டிக் குழந்தையின் போர்வையைத் தொடுகின்றாள். அவ்வளவே. வாயிலின் மரியாளிடம் இல்லாத அந்தக் கைநீட்டல் இங்கு உண்டு. இது கிரெச்சியோவை அறிந்த கையன்று. அறிந்திருக்க வேண்டிய தேவையும் அதற்கில்லை. மாதா பக்தி, நகரங்களின் வளர்ச்சி, குருமாருக்கு அப்பாற்பட்ட பார்வையாளர் கூட்டம் ஆகியன ஆல்ப்ஸ் மலையின் இருபுறத்தும் ஒரே காலத்திற் சிற்பத்தின்மீது தாக்கம் விளைத்துக்கொண்டிருந்தன. பிரான்சிஸ் அம்மாற்றத்தின் காரணர் என்பதைவிட, அம்மாற்றத்தின் மிகக் கூர்மையான குரல் என்பதே பொருந்தும்.

சுவரிற் புடைத்து நின்ற உருவம் சுவரை விட்டு இறங்குவதற்கு வழிபாட்டு நாடகமும் துணைநின்றது. 11ஆம் நூற்றாண்டளவில், உயிர்ப்பு விழாவின் கல்லறை நாடகத்தை முன்மாதிரியாகக் கொண்டு, முன்னணையில் யாரைத் தேடுகின்றீர் என்னும் வினாவோடு தொடங்கும் இடையர் நாடகம் உருப்பெற்றது. இடையராக வேடம் பூண்ட குருமார் பீடத்தை நோக்கி வருவர். மருத்துவிச்சியராக நின்றோர் வினவுவர். பின்னர் திரையை விலக்கிக் குழந்தையைக் காட்டுவர். பிரான்சின் ரூவான் ஆலய ஒழுங்குநூல் பீடத்தின் பின்னே முன்னணை அமைத்து அதில் மரியாளின் உருவத்தை வைக்குமாறு விதிக்கின்றது. நாடகத்தின் ஏனைய பாத்திரங்கள் மனிதராயிருக்க, தாயும் சேயும் மட்டும் சிலையாயிருந்தமை மிகவும் குறிப்பிடத்தக்கது. பிரான்சின் ஒவேர்ஞ் பகுதியில் 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மரச்சிலைகள் பல எஞ்சியுள்ளன. ஞானத்தின் அரியணை எனப்படும் அச்சிலைகளில் மரியாள் நிமிர்ந்திருந்து மடியிற் குழந்தையை வைத்திருப்பாள். எடை குறைந்தனவும் தூக்கிச் செல்லத்தக்கனவுமாகிய இச்சிலைகள் மூவிராசாக்கள் நாடகத்திலே பங்கேற்றிருக்கவேண்டும் என 1972இல் வெளிவந்த நூலில் இலீன் போர்சைத் வாதிட்டார். 1207இல் பாப்பரசர் மூன்றாம் இன்னொசென்ற் ஆலயங்களில் நாடகக் களியாட்டங்களைக் கண்டித்தார். அக்கண்டனம் 1234இன் திருச்சபைச் சட்டத்தொகுப்பிலும் இடம்பெற்றது. ஆயின் அதற்கு உரையெழுதியோர், ஆண்டவரின் முன்னணையைக் காட்டுதல் தடைக்கு உட்படாது என விலக்களித்தனர். மத்தியகாலத்தில் உரைகாரர்கள் மூலத்தைக் காட்டிலும் தாராளமாயிருந்த தருணங்களும் உண்டு.

மேற்கூறிய இழைகள் யாவும் வந்து கூடும் இடம் உரோமின் புனித மரியாள் பெருங்கோயிலாகும். 7ஆம் நூற்றாண்டிலேயே முன்னணை மரியாள் ஆலயம் என வழங்கிய இக்கோயிலிலே பெத்லகேம் குகையை நினைவூட்டும் சிற்றாலயம் ஒன்று இருந்தது. முன்னணையின் மரத்துண்டுகள் எனப் போற்றப்பட்டனவும் அங்கு வணங்கப்பட்டன. நத்தார் நள்ளிரவுத் திருப்பலியைப் பாப்பரசர் நிகழ்த்தியதும் இங்கேயே. ஆகவே கிரெச்சியோ உரோமுக்குப் புதிதாக ஒன்றைக் கற்பித்தது என்பதை விட, உரோமில் நெடுங்காலமாகத் திருப்பண்டமாகவும் பீடமாகவும் இருந்ததை ஒரு மலையூரின் வைக்கோலுக்கு எடுத்துச் சென்றது என்பதே சரியாகும். அந்த எடுத்துச் செல்லலின் துணிவைக் குறைத்து மதிப்பிடலாகாது. புனித நாட்டுக்கோ உரோமுக்கோ யாத்திரை போகவியலாத குடியானவரிடம், அவர் தம் தொழுவத்து விலங்கின் அருகிலேயே பெத்லகேம் உண்டு என்று அது கூறியது.

இச்சிற்றாலயத்திற்கே ஏறத்தாழ 1290இல் ஆர்னொல்போ டி காம்பியோ பளிங்குச் சிற்பத்தொகுதி ஒன்றைச் செய்தார். பணித்தவர் நான்காம் நிக்கொலாஸ். பிரான்சிஸ்கன் சபையிலிருந்து வந்த முதலாவது பாப்பரசர். ஆர்னொல்போவோ நிக்கோலா பிசானோவின் பட்டறையிற் பயின்றவர். நிக்கோலா 1260இல் முடித்த பீசா நகர ஞானஸ்நான மண்டபப் பிரசங்கமேடையில் மரியாள் பண்டை உரோமச் சீமாட்டிபோல் வீறுடன் சாய்ந்திருப்பாள். பீசாவிற் கிடந்த பழைய ஈமப்பேழையொன்றின் பைதிரா உருவமே அம்மேடையின் மூவிராசாக்கள் காட்சியில் மரியாளாகியது. இவ்வாறு பேகன் கல்லிலிருந்து பெற்ற உடற்கனம் ஆர்னொல்போவின் உருவங்களிலும் உண்டு. கைத்தடியிற் சாய்ந்து நிற்கும் சூசையப்பர், முழந்தாளிட்ட முதிய அரசர், நிற்கும் இளைய அரசர் இருவர், சுவரிலிருந்து தலைநீட்டும் எருதும் கழுதையும் என எஞ்சியவை சிலவே. இவை தனிச்சிலைகள் போலத் தோன்றினும் முழுச்சிலைகள் அல்ல; முன்பக்கத்திற்காகவே செதுக்கப்பட்டவை; சுவரையே முதுகாகக் கொண்டவை. புடைப்புச் சிற்பம் குடிலாக மாறும் கணத்தை ஆய்வாளர் வேறெங்கும் தேடவேண்டியதில்லை. இவ்வுருவங்களின் முதுகுப்புறத்தில் அது எழுதப்பட்டுள்ளது.

இத்தொகுதியைப் பற்றிப் பாராட்டுரைகள் பல, வினாக்கள் சில. வறுமையின் குழந்தையைக் காண விழைந்தவரின் சபையிலிருந்து வந்த பாப்பரசர் பணித்த சிற்பத்தில், எஞ்சியனவற்றுள் இடையர் எவரும் இல்லை. அரசர் மூவரும் உள்ளனர். கிரெச்சியோவில் தீவட்டி பிடித்து வந்தோருக்கு உரிய இடத்தில் உரோமிலே முடி தரித்தோர் நிற்கின்றனர். அக்காலப் பாப்பரசாட்சியின் அரசியற் கோரிக்கைகளை அறிந்தோருக்கு, மன்னர் முழந்தாளிடும் காட்சி அங்கு ஏன் விரும்பப்பட்டது என்பது புதிராகாது. எனினும் ஆர்னொல்போவின் கைத்திறன் அவ்வரசியலுக்குள் முற்றாக அடங்கிவிடவில்லை. முழந்தாளிட்ட முதியவரின் உடலில் அரசனைக் காட்டிலும் மூப்பே மேலோங்கியுள்ளது. அவர் நோக்கும் மரியாளும் குழந்தையும் இன்று ஆர்னொல்போ விட்டுச் சென்ற நிலையில் இல்லை. 16ஆம் நூற்றாண்டில் அவ்வுரு மாற்றி வைக்கப்பட்டதெனச் சிலரும், பழைய கல்லே மீளச் செதுக்கப்பட்டதெனச் சிலரும் கூறுவர். 1585 முதல் 1590 வரை ஆண்ட ஐந்தாம் சிக்ஸ்துஸ் காலத்தில் தொமெனிக்கோ பொந்தானா அச்சிற்றாலயத்தையே பெயர்த்துத் தமது பாப்பரசரின் புதிய மண்டபத்துக்குக் கொண்டு சென்றார். உருவங்கள் தம் சுவரை இழந்தன. அவற்றின் முதல் ஒழுங்கு எதுவென்பது அத்தோடு ஊகத்துக்குரியதாயிற்று.

பொலோஞ்ஞா நகரின் புனித ஸ்தேவான் ஆலயத்தில் உள்ள 13ஆம் நூற்றாண்டிறுதி மரச்சிலைகள் இதற்கு அடுத்த படியைக் காட்டும். ஏறத்தாழ ஆளுயரமான அவை சுவரைச் சாராது நிற்பன. 1370 அளவில் சிமோனே தெய் குரோசிபிசி அவற்றிற்கு வண்ணந் தீட்டினார். அங்கும் அரசர் மூவரே, இடையர் இல்லை.

இன்றைய குடிலை நோக்குவோர் ஒன்றைக் காணத் தவறுவதில்லை: மரியாள் முழந்தாளிட்டிருக்கின்றாள். சார்த்ருவிலும் பீசாவிலும் அவள் சாய்ந்திருந்தாள். 1301இல் ஜியோவன்னி பிசானோ முடித்த பிஸ்தோயாப் பிரசங்கமேடையிலும் அவள் சாய்ந்தபடியே குழந்தையை நோக்கிக் குனிகின்றாள். பிள்ளை பெற்ற தாயின் உடல் அது. முழந்தாளிட்ட மரியாள் பரவலானதற்குப் பெருங்காரணம் 1372இல் பெத்லகேமில் சுவீடன் நாட்டுப் புனித பிரிஜிற்று கண்டதாகக் கூறிய காட்சியாகும். அதில் மரியாள் நோவின்றிப் பெற்று, நிலத்திலே கிடக்கும் ஒளிமயமான குழந்தையை முழந்தாளிட்டு வணங்குகின்றாள். ஓவியரும் சிற்பியரும் அதனை ஆவலோடு ஏற்றனர். எனவே இன்று கிரெச்சியோவின் பெயரால் அமைக்கப்படும் குடிலின் நடுவுருவம் கிரெச்சியோவிலிருந்து வந்ததன்று. அதற்கு ஒன்றரை நூற்றாண்டு பிந்திய வேறொரு பெண்ணின் காட்சியிலிருந்து வந்தது. இம்மாற்றத்தில் வழிபாட்டுணர்வு பெருகியது; ஆயின் மஞ்சத்திற் கிடந்த தாயின் களைப்பும், போர்வையைத் தொட்ட கையும் குடிலைவிட்டு வெளியேறின. சிற்ப வரலாற்றுக் கண்கொண்டு நோக்கின் இது சிறிய இழப்பன்று.

இதன்பின் வரலாறு வேகமாகச் செல்கின்றது. நேப்பிள்சின் கார்பொனாராப் புனித அருளப்பர் ஆலயத்திற்கு 1478இல் பேசப்பட்ட மரச்சிலைத் தொகுதியில் அலமானோ சகோதரர் குடிலைப் பல உருவங்கள் கொண்ட பெருங்காட்சியாக்கினர். 18ஆம் நூற்றாண்டில் அதே நகரில், பூர்பன் மன்னர் காலத்தில், சுடுமண் தலையும், கம்பியிற் சணல் சுற்றிய உடலும், பட்டாடையும் கொண்ட உருவங்கள் எழுந்தன. அவற்றை விரும்பியவாறு வளைக்கலாம், இடம் மாற்றலாம், புதியன சேர்க்கலாம். மீன் விற்போரும் சத்திரக்காரரும் பழக்கடைகளும் அங்கு நிறைந்தனர். ஆர்னொல்போவின் அரசர்கள் சுவரைச் சார்ந்து, ஒரு பீடத்தை நோக்கி நின்றனர். நேப்பிள்சின் உருவங்களுக்குச் சுவரும் இல்லை, பீடமும் இல்லை. சந்தையின் சந்தடிக்குள், இடிந்த உரோமக் கோயிலொன்றின் தூண்களுக்கு நடுவே, முன்னணையைப் பார்வையாளர் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.